முன்-65 டிரயல்ஸ்: வண்டியின் தகுதியும் போட்டியின் பண்பும்

ஈரக்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசிக்கிறேன். பழைய வண்டிகளுக்கான டிரயல்ஸ் போட்டிகளில் ஏழு ஆண்டுகளாக, மாதம் ஒரு ஞாயிறாவது, கண்காணிப்பாளராக நின்று வருகிறேன். போன மாதம் என் கண்முன் நடந்த ஒன்றை இங்கே வைத்து உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். டிரயல்ஸ் வேகப் பந்தயம் அன்று. ஓடைப் படுகை, பாறைச் சரிவு, வேர் பின்னிய மண்மேடு போன்ற இடங்களில் சிறிது தூரத்துக்குத் தடம் குறித்து வைப்பார்கள். அதற்குச் செக்‌ஷன் என்று பெயர். வலப்பக்கம் சிவப்பு அட்டையும் இடப்பக்கம் நீல அட்டையும் இருக்கும். முன்சக்கரத்தின் அச்சு தொடக்க அட்டையைத் தாண்டும்போது கணக்கு தொடங்கி, முடிவு அட்டையைத் தாண்டும்போது முடிகிறது. எங்கும் கால் ஊன்றாமல் கடந்தால் தண்டப் புள்ளி கிடையாது. அதைத்தான் க்ளீன் என்கிறோம். ஒரு தடவை ஊன்றினால் ஒன்று, இரண்டு தடவை என்றால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று. வண்டி நின்றுவிட்டாலோ, விழுந்தாலோ, எல்லை அட்டைக்கு வெளியே போனாலோ ஐந்து. நாள் முடிவில் குறைந்த புள்ளி பெற்றவர் வெல்கிறார். செக்‌ஷனை நடந்து பார்க்கலாம். வண்டியில் ஏறிப் பழகிப் பார்க்கக் கூடாது. தடத்தில் கிடக்கும் கல்லைக் காலால் நகர்த்தி வைப்பதும் தவறு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த செக்‌ஷன் ஓர் ஓடையின் குறுக்கே ஏறி, ஈரமான பலகைப் பாறை ஒன்றின் மேல் இடப்பக்கமாகத் திரும்பி, கரையில் முடிவது. முன்-65 பிரிவில், அதாவது 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கான பிரிவில், இரண்டு டிரையம்ஃப் டைகர் கப் (Cub) வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. முதல் வண்டியை ஓட்டியவர் எழுபதைக் கடந்தவர். ஃபிரேம், சக்கரத்தின் நடுப்பாகமான ஹப், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எல்லாம் அந்த வண்டி பிறந்தபோது இருந்தவை. பலகைப் பாறையில் பின்சக்கரம் வழுக்கியது. இடது காலை ஒரு முறை ஊன்றினார். அவருடைய காலணியின் நுனி பாசியை ஒரு விரல் நீளத்துக்கு வழித்திருந்தது. அந்தத் தடம் மாலை வரை அங்கேயே இருந்தது. நான் ‘ஒன்று’ என்று சொல்லிக் குறித்தேன்.

பின்னால் வந்த கப், டாங்கில் ஒட்டியிருந்த பெயரளவில் மட்டுமே கப். ஃபிரேம் இக்காலத்து மெல்லிய குழாய்களால் புதிதாகக் கட்டப்பட்டது. ஹப்கள் கட்டி அலுமினியத்தில் கடைந்தவை. ஃபோர்க்கின் வெளித்தோற்றம் பழையது என்றாலும் உள்ளே இருப்பவை புதியவை. ஃபுட்ரெஸ்ட் தாழ்ந்தும் பின்தள்ளியும் வைக்கப்பட்டிருந்தது. பழையது என்று சொல்ல எஞ்சின் கேசின் வெளிப்புறம்தான் மிச்சம் இருந்தது. அந்த வண்டி அதே பாறையைச் சத்தமில்லாமல் க்ளீனாகக் கடந்தது. நாள் முடிவில் இருவருக்கும் இடையே இரண்டே புள்ளி வித்தியாசம். கோப்பை இரண்டாமவருக்குப் போனது.

விதி எதுவும் மீறப்படவில்லை. அந்தப் போட்டியின் துணை விதிகள் ‘அக்காலத்து வகையைச் சேர்ந்த பாகங்கள் அல்லது அவற்றின் நகல்’ என்று அனுமதித்திருந்தன. பெரியவர் எந்த முறையீடும் செய்யவில்லை. வென்றவரின் கையைக் குலுக்கிவிட்டுத் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றினார். ஆனாலும் அவ்விருவரையும் ஒரே தாளில் ஒரே பிரிவில் குறித்தது சரிதானா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


தனிச்சிலிண்டர் எழுதியது:

விதி மீறப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஈரக்கல். அப்படியானால் அந்த விதியே தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

1965 என்ற எல்லைக்கோட்டை யாரும் விருப்பம்போல் கிழித்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயல் 1909-இல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கி, 1911-இல் ஆறு நாளாக விரிந்தது. வண்டி மலைநாட்டுப் பாதைகளைத் தாங்குமா, ஓட்டுபவர் அதை உடைக்காமல் திரும்பக் கொண்டுவருவாரா என்று சோதிப்பதற்கே இந்தப் போட்டிகள் பிறந்தன. டிரயல் என்ற சொல்லுக்கே இங்கு அதுதான் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் ஏஜேஎஸ், மேட்ச்லஸ், ஏரியல், நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு, பிஎஸ்ஏ என்று பிரிட்டனின் கனமான நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளே இதில் கோலோச்சின. ஹியூ வைனி ஏஜேஎஸ் வண்டியில் 1947, 1948, 1949 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த ஆறு நாள் போட்டியை வென்றார். கோர்டன் ஜாக்சன் 1961-இல் 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில் ஆறு நாளும் ஓட்டி, மொத்தமாக ஒரே ஒரு புள்ளியை இழந்து வென்றார். கிரே மேர்ஸ் ரிட்ஜ் என்ற செக்‌ஷனில் ஒரே ஒரு தடவை அவர் கால் ஊன்றியதை இன்றுவரை பேசுகிறார்கள்.

பிறகு, 1964-ஆம் ஆண்டின் இறுதியில், ஏரியல் ஓட்டிப் புகழ்பெற்ற சாமி மில்லர் பார்சிலோனாவுக்குச் சென்று புல்டாக்கோ நிறுவனத்துக்காக ஷெர்பா என்ற 244 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். அடுத்த மே மாதமே அதில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். அதன்பின் பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஸ்பெயினின் புல்டாக்கோவும் மான்டேசாவும் ஓசாவும் களத்தை எடுத்துக்கொண்டன. ஆகவே முன்-65 என்பது ஓர் உலகம் முடிந்த நாளைக் குறிக்கிறது. அந்த உலகத்தின் வண்டியை, அதன் எடையோடும் குறைகளோடும் மலையேற்றிக் காட்டுவதற்காகவே 1984-இல் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் என்ற ஊரில் முன்-65 ஸ்காட்டிஷ் டிரயல் தொடங்கப்பட்டது.

குறைகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால், அது எந்தக் காலத்து வண்டி? அந்தப் பெரியவர் இழந்த ஒரு புள்ளி, அந்த வண்டியோடு பிறந்த குறையால் வந்தது. அதை எதிர்கொண்டு ஓட்டுவதுதான் இந்தப் போட்டி. தொடக்கத்திலேயே வண்டிப் பரிசோதனையைக் கடுமையாக்க வேண்டும். ஃபிரேம் எண்ணைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நவீன வண்டிகளின் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.


கிளட்ச்கம்பி எழுதியது:

நான் மிட்லாண்ட்ஸ் பகுதியில் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். ஈரக்கல் வர்ணித்ததைப் போன்ற வண்டிகள் சிலவற்றை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனவே என் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனிச்சிலிண்டர் ஐயா சொன்ன வரலாற்றிலேயே என் முதல் வாதம் இருக்கிறது. ஏரியல் நிறுவனம் 1959-இல் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் மில்லர் தன் ஜிஓவி 132 என்ற பதிவெண் கொண்ட 497 சிசி ஏரியலை விடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அதன் ஃபிரேமை மாற்றினார், பாகங்களை இழைத்தார், கனத்தைக் கழித்துக்கொண்டே போய் ஏறத்தாழ 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். 1962-லும் 1964-லும் அவர் ஸ்காட்லாந்தில் வென்றது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த ஏரியலில் அன்று. அக்காலத்தில் வென்ற எந்த வண்டியும் கடையில் விற்ற வண்டியாக இருந்ததில்லை. பட்டறையில் உட்கார்ந்து ஒரு அவுன்ஸ் எடையைக் கழிப்பதும் அந்தக் காலத்தின் பண்புதான்.

இரண்டாவது, உதிரிபாகம். அறுபது ஆண்டு பழைய ஃபோர்க் குழாயைத் துரு தின்றிருக்கிறது. தேய்ந்த கார்புரேட்டரில் ஸ்லைடு மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். பாறை மேல் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படி நடந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. பழைய வடிவத்தில் புதிய பாகம் செய்யாவிட்டால் இன்னும் பத்து ஆண்டுகளில் இந்த வண்டிகள் அருங்காட்சியகத்தில் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது வாதத்துக்கு யாரும் இதுவரை எனக்கு நேரான பதில் சொன்னதில்லை. அந்தப் பெரியவரின் கப்பில் என்ன டயர் இருந்தது? இக்காலத்து மென்மையான டிரயல்ஸ் டயர்தான் இருந்திருக்கும். பின்சக்கரத்தில் ஐந்து பிஎஸ்ஐ காற்றுடன் ஓடும் அந்த டயர், ஈரப்பாறையில் அக்காலத்து டயரால் கனவிலும் காணமுடியாத பிடிமானத்தைத் தருகிறது. ஃபிரேமில் ஐந்து கிலோ குறைப்பதைவிட அது பெரிய மாற்றம். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று. என் ஹப் மட்டும் கண்ணை உறுத்துகிறது. கோடு எங்கே கிழிப்பது என்று கேட்டால், எல்லோரும் தத்தம் வண்டிக்கு அடுத்த அங்குலத்தில் கிழிக்கிறார்கள்.


புதுவழி எழுதியது:

மூவரின் பதிவுகளையும் ஆர்வத்தோடு படித்தேன். நான் இதற்குப் புதியவன், லெஸ்டரில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். இணையத்தில் பார்க்கும் உலகப் போட்டிக் காட்சிகளில் ஓட்டுநர்கள் பாறை மேல் அப்படியே நின்று, வண்டியைத் துள்ளவைத்துப் பக்கவாட்டில் நகர்த்தித் திசையை மாற்றுகிறார்கள். ஈரக்கல் அவர்கள் வண்டி நின்றால் ஐந்து என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே விளையாட்டா?


ஈரக்கல் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. வேர் ஒன்றுதான், ஆனால் எழுபதுகளின் இறுதியில் பாதை பிரிந்தது.

1979-இல் புல்டாக்கோவில் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் பெர்னி ஷ்ரைபர் போன்றவர்கள் வண்டியைத் துள்ளவைத்துத் திருப்பும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வண்டிகள் இலகுவாகி, கிளட்சும் பிரேக்கும் ஒரு விரலுக்கு அடங்குபவையாக மாற மாற, நின்று திட்டமிட்டுக் குதிப்பது வழக்கமாயிற்று. இன்றைய போட்டி வண்டி 70 கிலோவுக்கும் குறைவு. உலக அமைப்பான எஃப்ஐஎம் 2013-இல் நிற்காமல் ஓட்டும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் விளையாட்டு அமைப்பான ஏசியுவின் விதிகளில் நிற்காத முறையும் உண்டு, நிற்க அனுமதிக்கும் முறையும் உண்டு. எது பொருந்தும் என்பதைப் போட்டி நடத்தும் கிளப் முன்கூட்டியே அறிவிக்கும். பழைய வண்டிப் போட்டிகளில் நிற்காத முறையே இயல்பானது, ஏனென்றால் அந்த வண்டிகள் அதற்காகவே பிறந்தவை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் என்ற பெரிய கனச்சக்கரம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது வண்டி தன் கனத்தாலேயே முன்னோக்கிப் போகும். நின்றுவிட்டால் 120 கிலோவைத் துள்ளவைத்துத் திருப்ப யாராலும் ஆகாது.

கண்காணிப்பாளருக்கு இந்த முறை கடினமானது. கால் பட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ‘நின்றதா’ என்பதை எப்படிச் சொல்வது? நான் ஓட்டுநரைப் பார்ப்பதில்லை. முன்சக்கரத்தின் வால்வு மூடியைப் பார்ப்பேன். அது கல்லுக்கு நேராக அசையாமல் நின்றால் ஐந்து. ஒரு நூல் அளவாவது முன்னே நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றினால் ஐந்து கொடுப்பதில்லை. சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்கே என்பது இங்கே மூத்த கண்காணிப்பாளர்கள் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு வருபவருக்குக் காட்டிய தாராளம், நனைந்து விறைத்துப்போன மூன்று மணிக்கு வருபவருக்கும் கிடைக்க வேண்டும். நான் சொல்லும் எண்ணை யாரும் காணொளி கொண்டு சரிபார்ப்பதில்லை. அதனால்தான் அந்தப் பெரியவரின் ‘ஒன்று’ இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். ஐம்பதுகளின் கணக்கு வேறு. ஒரு தடவை ஊன்றினால் ஒன்று, அதற்கு மேல் இரண்டானாலும் பத்தானாலும் மூன்று, தோற்றால் ஐந்து. நடுவே ‘இரண்டு’ இல்லை. ஆகவே ஒரு கால் போய்விட்டால் இரண்டாவது காலைத் தவிர்க்க உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். சில பழைய வண்டிப் போட்டிகள் அந்தக் கணக்குக்குத் திரும்பலாம் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.


வடமலை எழுதியது:

நான் பதினைந்து ஆண்டுகளாகச் செக்‌ஷன் அமைப்பவன். இந்த இழையில் எல்லோரும் வண்டிப் பரிசோதனை மேசையைப் பற்றிப் பேசுகிறீர்கள். யாரும் செக்‌ஷனைப் பற்றிப் பேசவில்லை. என் அனுபவத்தில் முன்-65 போட்டியின் பண்பைக் காப்பதும் கெடுப்பதும் சனிக்கிழமை மாலை அட்டைகளை மண்ணில் குத்தும் கைதான்.

கிளட்ச்கம்பி கட்டும் வண்டிகள் எதற்காகக் கட்டப்படுகின்றன? ஏதோ ஒரு செக்‌ஷனில் ஏதோ ஒரு திருப்பம் பழைய வண்டிக்கு ஆகவில்லை; அதற்கு விடையாகத்தான் அந்த ஃபிரேம் பிறக்கிறது. பழைய வண்டியின் டாங்க் அகலமானது, ஃபோர்க் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் திரும்பாது, சக்கரங்களுக்கு இடையிலான நீளம் அதிகம். இரண்டு மரங்களுக்கு இடையே முழு வட்டமாகத் திரும்பு என்று நான் தடம் போட்டால், நல்ல ஓட்டுநரும் கால் ஊன்றியே தீர வேண்டும். அடுத்த ஆண்டு அவர் ஃபிரேமை மாற்றிக்கொண்டு வருவார். அவர் க்ளீனாகக் கடப்பதைப் பார்த்து நான் திருப்பத்தை இன்னும் இறுக்குவேன். இப்படி நானும் அவரும் சேர்ந்தே அந்தப் பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். முதல் பத்து இடத்துக்கு வந்தவர்கள் மொத்தமாக நான்கைந்து புள்ளிதான் இழக்கிறார்கள், போட்டி சப்பென்று ஆகிவிடுகிறது என்று பயந்து, ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது ஆண்டில், பின்பக்க ஷாக் அப்சார்பர் இல்லாத கெட்டி ஃபிரேம் வண்டிகளின் பிரிவில் இரண்டே பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அன்றுதான் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று எனக்கு விளங்கியது.

இப்போது என் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அட்டை குத்தும் நாளில் நண்பர் ஒருவர் தன் 500 சிசி கெட்டி ஃபிரேம் வண்டியோடு கூட வருவார். போட்டியில் அவர் கலந்துகொள்ள மாட்டார். தடத்தைச் சோதிப்பது மட்டுமே அவர் பங்கு. அவரால் கால் ஊன்றாமல் திரும்ப முடியாத இடத்தில் நீல அட்டையைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளிக் குத்துவேன். மறுபடி வருவார். முடியாவிட்டால் இன்னொரு சாண். அவர் நான்கு முயற்சியில் ஒன்றில் க்ளீனாகக் கடந்தால் அதுதான் சரியான இடம். கடினம் திருப்பத்தில் இருக்கக் கூடாது, நிலத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கணக்கு: நீண்டு ஏறும் ஓடைக்கால், உருளும் கற்கள், மேலே போகப் போகப் பிடிமானம் குறையும் ஈரமண், எங்கே ஆக்சிலரேட்டரைக் குறைப்பது என்று ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டிய மேடு. அங்கே கனமான வண்டியின் ஃபிளைவீல் அவருக்கு உதவுகிறது. இலகுவான வண்டி கல்லில் பட்டுத் துள்ளுகிறது. கின்லாக்லெவனின் பைப்லைன் செக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அலுமினிய ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெருங்குழாய்களின் ஓரமாக மலைச்சரிவில் நேராக மேலேறும் தடம் அது. அங்கே எந்தக் குரங்கு வித்தையும் உதவாது. சரியான கியரில் சரியான வேகத்தில் நுழைந்து, சக்கரம் எங்கே துள்ளினாலும் கைப்பிடியை நிதானமாகப் பிடித்திருக்க வேண்டும்.

இப்படி அமைத்தால் புள்ளிகள் குறையும், சமநிலை வரும் என்பார்கள். வரட்டும். அதிக க்ளீன் யாருக்கு என்று பார்க்கலாம். அதுவும் சமம் என்றால் தொடக்கத்திலிருந்து யார் அதிக தூரம் புள்ளி இழக்காமல் வந்தார் என்று பார்க்கலாம். இவை பழைய முறைகள்தான். நன்றாகவே வேலை செய்கின்றன.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திட்ட அனுமதி இல்லாமல் ஒரு நிலத்தில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டுமே இங்கிலாந்தில் இத்தகைய போட்டி நடத்தலாம். விவசாயி நம்மை நம்பி ஓடையைக் கொடுக்கிறார். செக்‌ஷனுக்காக மரக்கிளையை வெட்டுவதும் கரையைத் தோண்டுவதும் அவருக்குச் செய்யும் துரோகம். இயற்கையாகக் கிடைத்த தடையை அப்படியே பயன்படுத்துவது விளையாட்டின் பண்பு மட்டுமன்று, அடுத்த ஆண்டும் அங்கே வாசல் திறந்திருப்பதற்கான வழியும் அதுவே.


தனிச்சிலிண்டர் எழுதியது:

வடமலை ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். பரிசோதனை மேசையைப் பற்றி மட்டுமே நான் நினைத்திருந்தேன் என்பது உண்மை. ஒரு சாண் தள்ளிக் குத்தும் அட்டை, ஃபிரேம் எண்ணைப் பார்ப்பதைவிட அதிக வேலை செய்யும் என்று இப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் பரிசோதனையை முற்றிலும் கைவிட எனக்குச் சம்மதமில்லை. எவ்வளவு நல்ல செக்‌ஷன் அமைத்தாலும், முழுதும் புதிதாகக் கட்டிய வண்டிக்கும் அசல் வண்டிக்கும் இடையே இரண்டு மூன்று புள்ளி எப்போதும் இருக்கும்; ஆறு நாளில் ஒரு புள்ளி இழந்தவரைப் போற்றும் விளையாட்டில் அது சிறிய இடைவெளி இல்லை. ஆகவே ஒரே போட்டியில் இரண்டு வகுப்புகள் வேண்டும். அசல் ஃபிரேமும் அசல் ஹப்பும் ஃபோர்க்கும் உள்ளவை ஒரு வகுப்பு. நகல் பாகங்கள் கொண்டவை இன்னொன்று. இரண்டும் ஒரே தடத்தில் ஓடட்டும். கோப்பை தனித்தனியாக இருக்கட்டும். கிளட்ச்கம்பி சொன்ன டயர் வாதத்துக்கும் இதுவே பதில். டயர் எல்லோருக்கும் ஒன்று. தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டியது. ஃபிரேம் அப்படியன்று.

கிளட்ச்கம்பி, உங்கள் வாடிக்கையாளரின் தோள்பட்டை பற்றிப் படித்தபோது வருந்தினேன். கார்புரேட்டர், பிரேக் கேபிள், ஃபோர்க் குழாய் போன்று பாதுகாப்புக்கு உரியவற்றைப் புதிதாகப் போடுவதை எந்த வகுப்பிலும் தடுக்கக் கூடாது என்பதை என் முந்தைய பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.


கிளட்ச்கம்பி எழுதியது:

இரண்டு வகுப்பு என்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கோப்பைக்காக வருவதில்லை. முழங்கால் தேய்ந்த வயதில் 130 கிலோவைத் தூக்கி நிறுத்த முடியாததால்தான் இலகுவான வண்டி கேட்கிறார்கள். அவர்களை வெளியே அனுப்பாத எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடே. வண்டியில் என்ன மாற்றியிருக்கிறேன் என்பதை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுப்பதை இனி வழக்கமாக்கிக்கொள்கிறேன். பரிசோதகர் கேட்டால் காட்டட்டும்.


புல்லட்பட்டறை எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் திருவொற்றியூரில் செய்யப்பட்ட 1980-களின் 350 புல்லட் ஒன்று கிடக்கிறது. அதை டிரயல்ஸ் வண்டியாக்கி, இங்கிலாந்தில் இருக்கும் என் தமையனாருக்கு அனுப்பலாம் என்ற எண்ணம். அது முன்-65 பிரிவில் சேருமா? புல்லட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தால் சொல்லுங்கள்.


தனிச்சிலிண்டர் எழுதியது:

தொடர்பு ஆழமானது. 1948-இல் கோல்மோர் கோப்பை டிரயலில்தான் புல்லட்டின் முன்மாதிரிகள் முதலில் வெளிவந்தன. அன்று ஏறக்குறைய எல்லா டிரயல்ஸ் வண்டிகளும் பின்பக்கம் கெட்டி ஃபிரேம் கொண்டவை; பின்சக்கரத்தில் ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று பெரிய ஓட்டுநர்களே நம்பினார்கள். பின்சக்கரத்தை ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங்கிங் ஆர்மோடு என்ஃபீல்டு வந்து அந்த நம்பிக்கையை அசைத்தது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியிலும் புல்லட்டுகள் இருந்தன. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயலை வென்றார். ஊர்ச் சாலையில் நீங்கள் தினமும் பார்க்கும் அந்த எஞ்சினின் முன்னோர் ஏறிய மலை அது.

தகுதியைப் பொறுத்தவரை ஒரே பதில் இல்லை. செய்த ஆண்டைப் பார்க்கும் கிளப்களும் உண்டு. வடிவமைப்பு 1965-க்கு முந்தியதாக இருந்தால் போதும் என்பவையும் உண்டு. உங்கள் 350 இரண்டாவது வகைக் கிளப்பில் சேர வாய்ப்பு இருக்கிறது. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் தமையனாரை அந்தப் பகுதிக் கிளப்பின் துணை விதிகளை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். வண்டியில் முதலில் செய்ய வேண்டியது கியர் விகிதத்தைக் குறைப்பது. பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்குங்கள். அடுத்து, ரிம்மில் டயர் சுழலாமல் பிடிக்கும் செக்யூரிட்டி போல்ட் போடுங்கள். குறைந்த காற்றில் அது இல்லாவிட்டால் ட்யூப் வால்வு பிய்ந்துவிடும். மட்கார்டையும் சைலன்சரையும் உயர்த்துங்கள். ஃபிரேமை மட்டும் அறுக்காதீர்கள். அது அசல் வகுப்பில் நிற்கட்டும்.


புதுவழி எழுதியது:

ஈரக்கல் அவர்களே, தனிச்செய்தியில் நீங்கள் அழைத்தபடி அடுத்த ஞாயிறு உங்களோடு கண்காணிப்பாளராக நிற்க வருகிறேன். விதிகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஓர் இடத்தில் குழம்பிவிட்டேன். இறக்கத்தில் வரும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது; ஆனால் வண்டி தானாக உருண்டு, ஓட்டுநர் கால் ஊன்றாமலேயே முடிவு அட்டையைத் தாண்டிவிடுகிறது. இதற்கு என்ன குறிப்பது?


ஈரக்கல் எழுதியது:

பூஜ்யம். எஞ்சின் நின்றதற்காக மட்டும் தண்டனை இல்லை. எஞ்சின் நின்ற நிலையில் கால் ஊன்றினால், அல்லது வண்டி முன்னேறாமல் நின்றால் ஐந்து. முன்சக்கர அச்சு முடிவு அட்டையைத் தாண்டும்வரை உருண்டுகொண்டே இருந்தால் அவர் க்ளீன். இருந்தாலும் காலையில் போட்டிச் செயலாளர் தரும் துணை விதித் தாளை ஒரு முறை படித்துவிடுங்கள். அங்கே வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும்.

அந்தப் பெரியவர் இந்த முறையும் பெயர் கொடுத்திருக்கிறார். செக்‌ஷன்களை வடமலை அமைக்கிறார். நாம் நிற்கப்போவது ஓடையோரம். ரப்பர் காலணியோடு, ஒன்றுக்கு இரண்டாகப் பென்சில் கொண்டு வாருங்கள். நனைந்த தாளில் பேனா எழுதாது.